இல்லாத முகவரிக்குப் போகும் பாக்கெட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரூட் சம்மரியை, அதாவது பல சப்நெட்டுக்கான (ஐபி முகவரித் தொகுதிக்கான) வழிகளை ஒரே வரியில் தொகுத்து எழுதுவதைப் பற்றியே இருந்தன, அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): வணக்கம் சார். எங்கள் பனியன் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் நடுவில் ஒரு லீஸ்டு லைன் இருக்கிறது. கிளையில் 10.20.0.0, 10.20.1.0, 10.20.2.0, 10.20.3.0 என்று நான்கு சப்நெட், எல்லாமே /24 (256 முகவரி). நான்கு ரூட் எழுதுவானேன் என்று தலைமை அலுவலக ரவுட்டரில் 10.20.0.0/22 (நான்கும் சேர்ந்த 1,024 முகவரி) என ஒரே ஸ்டாட்டிக் ரூட்டைக் கையால் எழுதிப் போட்டேன். ஒரு வருடம் பிரச்சினையே இல்லை. போன மாதம் கிளையின் குடோனை மூடிவிட்டோம், 10.20.3.0 சப்நெட்டையும் எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து லைன் திணறுகிறது. பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் இரண்டே ஐபி மாறி மாறி வருகிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: ரவுட்டரை மாற்றாதீர்கள், அது நீங்கள் சொன்னதைத்தான் அப்படியே செய்கிறது. குடோனை மூடியது கிளை ரவுட்டருக்குத் தெரியும், தலைமை அலுவலக ரவுட்டருக்குத் தெரியாது. உங்கள் /22 ரூட் இன்னமும் "10.20.3 என்று தொடங்குவதும் கிளைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த பாக்கெட் கிளைக்குப் போனதும் கிளை ரவுட்டர் தன் டேபிளைப் பார்க்கிறது, 10.20.3.0/24 இல்லை. வேறு என்ன இருக்கிறது? டீஃபால்ட் ரூட் (வேறெதுவும் பொருந்தாதபோது எடுக்கும் வழி) இருக்கிறது, அது தலைமை அலுவலகத்தைக் காட்டுகிறது. சரி, அங்கேயே அனுப்பு. அங்கே போனால் /22, மறுபடி கிளை. நீங்கள் பார்த்த ட்ரேஸ்ரூட் கிட்டத்தட்ட இப்படி இருந்திருக்கும்:

1 — 10.1.1.1
2 — 172.16.5.2
3 — 172.16.5.1
4 — 172.16.5.2
5 — 172.16.5.1

இப்படியே 30 வரை போய் நிற்கும், அது ட்ரேஸ்ரூட்டின் வழக்கமான வரம்பு. லைனின் இரண்டு முனை ஐபியும் இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக வந்தால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம், அது லூப்தான்.

லைன் ஏன் திணறுகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் நிறைய பேர் "இல்லாத முகவரிக்குத்தானே போகிறது, போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். லினக்ஸ் மெஷின் ஒரு பாக்கெட்டை டிடிஎல் 64 என்று வைத்து அனுப்புகிறது. தலைமை அலுவலக ரவுட்டர் அதை 63 ஆக்கி லைனில் விடுகிறது, கிளை 62 ஆக்கித் திருப்பி விடுகிறது, இப்படி 1 வரை. ஆக ஒரே பாக்கெட் அந்த லைனை 63 முறை கடக்கிறது, போகும் பக்கம் 32, வரும் பக்கம் 31. விண்டோஸ் 128-இல் தொடங்குவதால் அங்கிருந்து வரும் பாக்கெட் 127 முறை.

நான் பார்த்த ஒரு இடத்தில் கேமரா சர்வர் ஒன்று, கழற்றி எடுத்துப்போன ஒரு திரைக்கு யுடிபியில் வீடியோவை அனுப்பிக்கொண்டே இருந்தது. யுடிபி என்பதால் எதிர்முனையில் ஆள் இருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை. வெறும் 2 எம்பிபிஎஸ். ஆனால் 32 மடங்கு என்றால் 64 எம்பிபிஎஸ், லைன் இருந்ததோ 20 எம்பிபிஎஸ். மூன்று நாள் லைன்காரர்களிடம் சண்டை போட்டுவிட்டு, நான்காம் நாள்தான் ட்ரேஸ்ரூட் போட்டுப் பார்த்தோம். உங்கள் பக்கமும் குடோனில் இருந்த ஏதோ ஒரு பிரிண்டரையோ ரெக்கார்டரையோ யாரோ இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள்.

இப்போது மருந்து. கிளை ரவுட்டரில், கவனியுங்கள், கிளையில், இந்த ஒரு வரியைப் போடுங்கள். சிஸ்கோ என்றால்: ஐபி ரூட் 10.20.0.0 255.255.252.0 நல்0. அதாவது இந்த /22-க்குள் வரும் எதுவும், இதைவிடக் குறிப்பான ரூட் இல்லையென்றால், நல் ஜீரோ என்ற குப்பைத்தொட்டிக்குப் போகட்டும். உயிரோடு இருக்கும் மூன்று சப்நெட்டுக்கும் இதனால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் ரவுட்டர் எப்போதும் நீளமான பிரிஃபிக்ஸைத்தான் (/-க்குப் பின் பெரிய எண் உள்ளதைத்தான்) எடுக்கும்: /24 இருந்தால் அது, இல்லையென்றால் /22, அதுவும் இல்லையென்றால்தான் டீஃபால்ட். இதுவரை நடுவில் இருக்க வேண்டிய /22 கிளையில் இல்லாததால் பாக்கெட் நேராக டீஃபால்ட்டில் விழுந்தது. லினக்ஸ் ரவுட்டர் என்றால்: ஐபி ரூட் ஆட் பிளாக்ஹோல் 10.20.0.0/22. மைக்ரோடிக்கிலும் பிளாக்ஹோல் என்ற பெயரில்தான் இருக்கிறது.

இதை நம் தபால் கணக்கில் நினைத்தால் சட்டென்று பிடிபடும். பின்கோடில் முதல் மூன்று எண் 641 என்றால் கோவைப் பக்கம் அனுப்பு என்பது ஒரு சம்மரி. கோவைக்குப் போனபின் அப்படி ஒரு ஆளே இல்லை என்றால், அவர்கள் "எங்களுக்குத் தெரியாதது எல்லாம் சென்னைக்கு" என்று திருப்பி அனுப்புவதில்லை, அனுப்பினால் சென்னையில் 641-ஐப் பார்த்து மறுபடி கோவைப் பையில் போட்டுவிடுவார்கள். சேர்க்க முடியாத கடிதத்துக்கென்று தபால் துறையில் தனியாக ஒரு அலுவலகமே இருக்கிறது. அந்த அலுவலகத்தைத்தான் உங்கள் கிளை ரவுட்டரில் திறக்கச் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): எங்களிடமும் இதே மாதிரி சம்மரி இருக்கிறது. ஆனால் எந்த சப்நெட்டையும் எடுக்கவில்லை, நான்கும் பயன்பாட்டில் இருக்கின்றன. அப்படியும் சில ராத்திரி மட்டும் லைன் நிரம்புகிறது, காலையில் தானாகச் சரியாகிவிடுகிறது. இதற்கும் லூப் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கும். எனக்குத் தெரிந்து இதுதான் அதிகம் பேரை ஏமாற்றும் வடிவம். ராத்திரி கிளையில் ஏதோ ஒரு மாடியின் மின்சாரத்தை நிறுத்துகிறார்களா என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். மாடி ஸ்விட்ச் அணைந்தால் அது மாட்டியிருக்கும் ரவுட்டர் போர்ட் டவுன் ஆகும், போர்ட் டவுன் ஆனால் அந்த சப்நெட்டின் கனெக்டெட் ரூட் (நேரடி இணைப்பால் தானாக வரும் வழி) டேபிளிலிருந்து மறைந்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் கிளை, திருப்பூர்க்காரரின் மூடிய குடோன் மாதிரிதான். ராத்திரி பேக்கப் சர்வரோ மானிட்டரிங் சாஃப்ட்வேரோ அந்த மாடியில் இருக்கும் மெஷின்களைத் தட்டிப் பார்க்கும், தட்டும் ஒவ்வொரு பாக்கெட்டும் அறுபது தடவை ஓடும். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் /24 ரூட் திரும்பி வந்துவிடும், தடயமே இருக்காது.

ஆகவே "என் சப்நெட் எல்லாம் இருக்கிறது, எனக்கு நல் ரூட் வேண்டாம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்மரி எழுதும் அன்றே, அதே கையோடு, இதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் ரூட்டைச் சொல்லிக்கொள்ளும் ஒரு முறை) ஓடும் ரவுட்டரில் ஏரியா ரேஞ்ச் என்ற கமாண்டைப் போட்டு சம்மரி செய்தேன். ரூட் டேபிளைப் பார்த்தால் நான் எழுதாமலே நல்0-க்கு ஒரு ரூட் உட்கார்ந்திருக்கிறது. பாக்கெட்டைத் தொலைக்கிற ரூட் நமக்கு எதற்கு, எடுத்துவிடலாமா? எடுப்பதற்குக் கமாண்டும் இருக்கிறதே.

பதில்: எடுக்காதீர்கள். தயவுசெய்து.

மேலே இரண்டு பேருக்கும் கையால் போடச் சொன்ன அதே ரூட்டை உங்களுக்கு சிஸ்கோ தானாகவே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஓஎஸ்பிஎஃப் ஏரியா ரேஞ்ச், அதே மாதிரி முறைகளான ஈஐஜிஆர்பியின் சம்மரி, பிஜிபியின் அக்ரிகேட் மூன்றுக்கும் இது தானாக வரும், ஸ்டாட்டிக் ரூட்டுக்கு மட்டும் வராது, அதனால்தான் ஸ்டாட்டிக் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இது ஒரு கம்பெனியின் விருப்பமும் இல்லை. இன்டர்நெட் முகவரிகளைத் தொகுத்துச் சொல்லும் சிஐடிஆர் முறை 1993-இல் ஆர்எஃப்சி 1519 என்ற இன்டர்நெட் தர ஆவணமாக வந்தபோதே இந்த விதியும் கூட வந்தது, 2006-இல் அதற்குப் பதிலாக வந்த ஆர்எஃப்சி 4632-லும் இருக்கிறது: ஒரு தொகுப்பு ரூட்டை உண்டாக்கும் ரவுட்டர், தொகுப்புக்குள் பொருந்தி, உள்ளே இருக்கும் குறிப்பான ரூட் எதற்கும் பொருந்தாத பாக்கெட்டைக் கீழே போட்டுவிட வேண்டும். டீஃபால்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே அனுப்பக் கூடாது.

எனக்கு இந்த விதி பிடிக்கும், காரணம் சொல்கிறேன். சம்மரி என்பது ஒரு வாக்கு. 1,024 முகவரியும் என்னிடம் வா என்று நீங்கள் ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள், அதில் 700 தான் உண்மையில் இருக்கிறது என்றால் மீதி 324-க்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "இல்லை" என்பதும் பதில்தான். அந்தப் பதிலைச் சொல்லும் ரூட்டை எடுத்துவிட்டால் உங்கள் வாக்கை அடுத்தவர் லைன் சுமக்கிறது.

ஒரு சின்னப் பின்குறிப்பு. பாக்கெட் போகவில்லை என்று தேடிப் போய் நல்0-ஐக் கண்டுபிடிப்பவர்கள் அதையே குற்றவாளியாக்கி எடுத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நல்0-இல் பாக்கெட் விழுகிறது என்றால் /24 எங்கோ காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த /24-ஐத் தேடுங்கள்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): லூப் வராமல் இருக்கத்தான் ஸ்ப்ளிட் ஹொரைஸன் இருக்கிறது என்று படித்தோம். அது இதைத் தடுக்காதா?

பதில்: தடுக்காதும்மா. ஸ்ப்ளிட் ஹொரைஸன் சொல்வது, ஒரு ரூட்டை எந்தப் பக்கம் கற்றுக்கொண்டாயோ அதே பக்கம் அதே ரூட்டைத் திருப்பிச் சொல்லாதே என்பது. இங்கே இரண்டு பக்கமும் வேறு வேறு ரூட்டைச் சொல்கிறார்கள்: கிளை மேலே 10.20.0.0/22 என்கிறது, தலைமை கீழே 0.0.0.0/0, அதாவது டீஃபால்ட், என்கிறது. இரண்டும் அவரவர் அளவில் சரி. யாரும் யாருடைய ரூட்டையும் திருப்பிச் சொல்லவில்லை, ஆகவே ஸ்ப்ளிட் ஹொரைஸனுக்கு இங்கே வேலையே இல்லை. தேர்வில் லூப் என்றதும் ஸ்ப்ளிட் ஹொரைஸன் என்று எழுதும் பழக்கம் இருந்தால் இந்த ஒரு இடத்தைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொழும்பு வாசகர்): நீங்கள் நல் ரூட்டுக்கு இவ்வளவு ஆதரவாகப் பேசுவீர்கள் என்று தெரியும். ஆனால் எல்லாக் கிளையும் வந்து சேரும் எங்கள் ஹப் ரவுட்டரில் அதுதான் இன்டர்நெட்டையே நிறுத்தியது. ஈஐஜிஆர்பியில் கிளைகளுக்கு 0.0.0.0/0 என்று சம்மரி கொடுத்தேன், அடுத்த நொடி எல்லாக் கிளையும் அவுட். ஏன்?

பதில்: உங்கள் புகார் நியாயமானது. ஹப் ரவுட்டருக்கு வெளியுலக டீஃபால்ட் எப்படி வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுவும் ஈஐஜிஆர்பி வழியாகத்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். உள் ரூட் என்றால் அதன் டிஸ்டன்ஸ் (ஒரு ரூட்டை எவ்வளவு நம்பலாம் என்ற எண், சிறியதே மேல்) 90, வெளியிலிருந்து வந்தது என்றால் 170. நீங்கள் சம்மரி போட்டதும் ரவுட்டர் வழக்கப்படி அதே 0.0.0.0/0-வை நல்0-க்குக் காட்டி, டிஸ்டன்ஸ் 5 என்று போட்டது. பிரிஃபிக்ஸ் இரண்டும் ஒன்றே, அதனால் நீளம் பார்த்துத் தேர்வு செய்ய வழியில்லை, டிஸ்டன்ஸ் சிறியது ஜெயிக்கிறது. 5 ஜெயித்தது, இன்டர்நெட் முழுக்கக் குப்பைத்தொட்டியில் விழுந்தது.

டீஃபால்ட்டை ஸ்டாட்டிக்காக எழுதியிருந்தால் அதன் டிஸ்டன்ஸ் 1, இது நடந்திருக்காது. அப்படி மாற்ற முடியாது என்றால் சம்மரியின் டிஸ்டன்ஸை 170-க்கு மேலே, 200 அல்லது 250 என்று ஏற்றிவிடுங்கள், சிஸ்கோவில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்போது உண்மையான டீஃபால்ட் இருக்கும்வரை அது ஓடும், அது போய்விட்டால் நல் ரூட் எழுந்து நின்று லூப்பைத் தடுக்கும். இரண்டு வேலையும் நடக்கிறது.

கேள்வி (கோவை வாசகர்): கிளைப் பகுதிக்கு இரண்டு ரவுட்டர் வைத்து, இரண்டிலும் ஒரே /22 சம்மரியை, எல்லா ஏரியாவையும் (நெட்வொர்க்கின் பகுதிகளை) இணைக்கும் ஓஎஸ்பிஎஃப் பேக்போனுக்குக் கொடுக்கிறோம். ஒரு ரவுட்டரிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போகும் கேபிள் மட்டும் அறுந்தது. லூப் வரவில்லை, ஆனால் பாதிப் பேருக்கு இரண்டாம் மாடி கிடைக்கிறது, பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. ரிடன்டன்சி இருந்தும் ஏன்?

பதில்: நல்ல கேள்வி, எழுதியதற்கு நன்றி. லூப்பை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இது.

கேபிள் அறுந்த ரவுட்டரை "அ" என்றும் மற்றதை "ஆ" என்றும் வைப்போம். அ-வுக்கு இரண்டாம் மாடி போய்விட்டது, ஆனால் மற்ற மாடிகள் இருக்கின்றன. சம்மரிக்குள் ஒரு சப்நெட் உயிரோடு இருந்தாலும் சம்மரி வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். பேக்போனுக்கு அ-வும் ஆ-வும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள், பாதியை அ-விடம் கொடுக்கிறது, அ-விடம் இரண்டாம் மாடிக்குக் குறிப்பான ரூட் இல்லை, நல்0. பாக்கெட் போச்சு. நல் ரூட் சரியாகத்தான் வேலை செய்தது, அது இல்லாவிட்டால் இந்நேரம் அ-வுக்கும் பேக்போனுக்கும் நடுவில் பந்து விளையாட்டு நடந்திருக்கும்.

தீர்வு ஒரு கேபிள். அ-வையும் ஆ-வையும் நேராக இணையுங்கள், அந்த இணைப்பைக் கிளையின் ஏரியாவுக்குள் வையுங்கள். பேக்போன் ஏரியாவில் மட்டும் வைத்தால் பயனில்லை, அங்கே ஆ-வும் /22 என்று மொத்தமாகத்தான் சொல்லும், /24 கண்ணில் படாது. கிளை ஏரியாவுக்குள் இருந்தால் ஆ-விடமிருந்து 10.20.2.0/24 என்று பெயர் சொல்லி அ-வுக்கு வரும், /24 என்பதால் நல்0-ஐ முந்தும், பாக்கெட் அ வழியாக ஆ-வுக்குப் போய் மாடி ஏறிவிடும். புது இடத்தில் வரைபடம் போடும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான், பல வரைபடங்களில் அது இருப்பதில்லை.

கேள்வி (சேலம் வாசகர்): நல் ரூட்டில் போட்டால் அனுப்பியவருக்குத் தகவல் போகுமா, சத்தமில்லாமல் தொலையுமா? எது நல்லது?

பதில்: கருவியைப் பொறுத்தது. லினக்ஸில் பிளாக்ஹோல் என்றால் சத்தமே வராது, அன்ரீச்சபிள் என்று போட்டால் அனுப்பியவருக்கு ஐசிஎம்பி பதில் (சேரவில்லை என்ற தகவல்) போகும். ஜூனிபரில் டிஸ்கார்டு மௌனம், ரிஜெக்ட் பதில் சொல்லும், அக்ரிகேட் ரூட்டுக்கு அங்கே ரிஜெக்ட்தான் வழக்கம். சிஸ்கோ நல்0, நிறுத்தி வைக்காவிட்டால், பதில் சொல்லும், ஆனால் சாதாரணமாக அரை நொடிக்கு ஒன்று என்ற அளவில். ஆபீஸுக்குள் பதில் சொல்லும் வகையை வையுங்கள், அனுப்பிய மெஷின் உடனே தெரிந்துகொண்டு நின்றுவிடும், நமக்கும் தேட எளிது. இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் ரவுட்டரில் மௌனமே நல்லது, முகவரிகளைத் துருவிக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): வீட்டு இன்டர்நெட்டுக்கு ஐபிவி6-இல் /56 கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கும் இந்த லூப் வருமா?

பதில்: வரலாம். /56 என்றால் 256 சப்நெட், எல்லாம் /64. நீங்கள் ஒன்றோ இரண்டோ பயன்படுத்துவீர்கள். ஐஎஸ்பி /56 முழுவதையும் உங்கள் ரவுட்டருக்கு அனுப்புகிறது, உங்கள் ரவுட்டரின் டீஃபால்ட் ஐஎஸ்பியைப் பார்க்கிறது. கதை உங்களுக்கு இப்போது தெரியும். வெளியிலிருந்து ஒருவர் வேண்டுமென்றே அந்த 254-இல் ஒன்றுக்கு பாக்கெட் அனுப்பினால், அவர் செலவு ஒன்று, உங்கள் லைனின் செலவு பல மடங்கு. அதனால்தான் 2013-இல் வந்த ஆர்எஃப்சி 7084, வீட்டு ரவுட்டர் தனக்குக் கொடுத்த பிரிஃபிக்ஸில் பயன்படுத்தாத பகுதிக்கு வரும் பாக்கெட்டைக் கீழே போட்டே ஆக வேண்டும் என்கிறது. எல்லா ரவுட்டரும் கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்: வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறி, உங்கள் /56-க்குள் பயன்படுத்தாத ஒரு முகவரிக்கு ட்ரேஸ்ரூட் போடுங்கள். வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டால் நல்ல ரவுட்டர். கடைசி இரண்டு முகவரி மாறி மாறி வந்தால் அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், அப்படியும் போகாவிட்டால் அந்த /56-க்கு ஒரு அன்ரீச்சபிள் ரூட்டைக் கையால் சேர்த்துவிட்டு மறுபடி ட்ரேஸ்ரூட் போட்டு, என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.